ஒரே அம்பில் 5 விலங்குகள்... கொல்லிமலை மன்னன் வல்வில் ஓரி யார்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி சோளக்காடு வந்து சேர்ந்தீங்கன்னா, அங்கிருந்து செம்மேடு கிட்டதான். அங்கே வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கு. ஒவ்வொரு ஆடி மாசமும் அவர் பேர்ல அரசு விழா நடக்குது. விழாவுல வில்வித்தைப் போட்டியும் உண்டு.

யார் இந்த ஓரி?

சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட குறுநில மன்னன். கடையெழு வள்ளல்களில் ஒருவர். அவருடைய குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர்.

அந்த ஒரு அம்பு

ஓரியின் புகழுக்குக் காரணம் ஒரு வேட்டை. அதைப் பாடியவர் வன்பரணர் என்ற புலவர். புறநானூற்றில் 152-வது பாட்டு. வில்லில் இருந்து கிளம்பின அம்பு முதலில் யானையைச் சாய்க்கிறது. அடுத்து புலி, அப்புறம் புள்ளிமான், பிறகு காட்டுப்பன்றி. கடைசியா புற்றில் கிடந்த உடும்பின் உடம்பில் போய் நிற்கிறது.

இது நடக்குமா? யானையின் உடம்பைத் துளைச்ச அம்புக்கு அதுக்கப்புறம் வேகம் மிச்சம் இருக்காது. புலவரின் மிகைப்படுத்தல்னே எடுத்துக்கலாம். ஆனா பாட்டின் முக்கியமான இடம் அம்பு இல்லை, அதுக்கப்புறம் வர்ற காட்சிதான்.

வறண்ட காட்டு வழியில் பசியோடு வந்த பாணர் கூட்டம் இந்த வேட்டைக்காரனைப் பார்க்குது. யாருன்னு தெரியல. கூலிக்கு வேட்டையாடுறவன் மாதிரியும் இல்லை, மார்பில் ஆரம் தொங்குது. ஒருவேளை ஓரியா இருக்குமோன்னு சந்தேகம். முழவு, யாழ், ஆகுளி எல்லாம் எடுத்து 21 துறைகளும் பாடி, கடைசியில் ‘கோ’ என்று சொல்கிறார்கள். கோ என்றால் மன்னன். அதைக் கேட்டதும் அந்த ஆள் வெட்கப்படுகிறார். மேற்கொண்டு புகழவே விடல. வேட்டையாடின மானின் கறியை வேகவெச்சு, தேறலோடு கொடுக்கிறார். மலையில் கிடைச்ச பொன்னையும் மணிகளையும் அள்ளித் தருகிறார். தான் யாருன்னு அவர் வாயால சொல்லவே இல்லை.

இன்னைக்கு அப்படி வேட்டையாடினா ஜெயில்தான். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் யானை, புலி, உடும்பு மூணுமே முதல் அட்டவணையில் இருக்கு.

முடிவு எப்படி?

திருக்கோவிலூர்ப் பக்கம் முள்ளூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, சேரருக்காகப் படையெடுத்து வந்தார். போரில் ஓரி கொல்லப்பட்டார். கொல்லிமலையை காரி சேரருக்கே கொடுத்துவிட்டதாக அகநானூறு சொல்கிறது. இதில் ஒரு விசித்திரம், இந்தக் காரியும் அதே ஏழு வள்ளல்களில் ஒருவர்தான்! சிறுபாணாற்றுப்படை இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது.

ஓரி விழுந்த பிறகு காரி அவருடைய ஊருக்குள் நுழைந்தபோது, அந்தப் பெரிய தெருவில் ஓரியின் ஆட்கள் ஒன்றுசேர்ந்து எழுப்பிய ஆரவாரத்தை நற்றிணையில் கபிலர் பதிவு செய்திருக்கிறார். அதுவும் ஒரு காதல் பாட்டுக்கு நடுவே, உவமையா!