எட்வர்ட் லியர்: பாவலரின் பயண ஓவியங்கள்

ஆங்கில இலக்கிய உலகில் நகைச்சுவைப் பாவலராகப் பெரும்புகழ் எய்தியவர் எட்வர்ட் லியர். லிமரிக் என்னும் குறும்பாடல் வடிவத்தை மக்களிடையே பரப்பிய பெருமை அவருக்கு உண்டு. ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி 1966-இல் வெளியிட்ட 'குறும்பா' வாயிலாக அவ்வடிவம் தமிழிலும் வேரூன்றியது. எனினும் லியர் தம்மை ஓர் இயற்கைக்காட்சி ஓவியர் என்றே வாழ்நாள் முழுதும் கருதினார். சென்ற இடமெல்லாம் கண்டதைத் தாளில் பதிக்கும் பழக்கத்தை அவர் சிறுகச் சிறுகப் பயின்ற வரலாறு, பாவலர் அனைவரும் அறியத்தக்கது.

லியர் 1812 மே 12 அன்று லண்டனை அடுத்த ஹாலவேயில், பிள்ளைகள் மிகுந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் பொருள்நிலை தாழ்ந்தது; மூத்த தமக்கை ஆன் அவரைத் தாய்போல் வளர்த்தார். இளமையிலேயே காக்கைவலிப்பு நோய் பற்றிக்கொண்டது. அதனைப் பிறர் அறியாதவாறு மறைத்தே வாழ்ந்த லியர், நோய் வந்த நாள்களை நாட்குறிப்பில் ஒரு குறுக்குக் குறியால் மட்டும் சுட்டினார். பள்ளிக்கல்வி பெரிதாக வாய்க்கவில்லை. பதினைந்து வயது முதல் படம் வரைந்தே பிழைக்க வேண்டியதாயிற்று.

பதினெட்டு வயதில் கிளிகளைப் பற்றிய கல்லச்சுப் படத்தொகுதியைத் தொடங்கினார். 1830 முதல் 1832 வரை வெளிவந்த அதில் 42 படங்கள் உள்ளன. பதம் செய்த உடல்களைப் பார்த்து வரையும் வழக்கம் மிகுந்திருந்த அக்காலத்தில், உயிருள்ள பறவைகளையே அவர் முன்மாதிரியாகக் கொண்டார். அசையும் உயிரை விரைந்து வரைந்து, நிறங்களை ஓரத்தில் குறித்துவைக்கும் பயிற்சி அங்கே அமைந்தது. பின்னாளில் பயணங்களில் கைகொடுத்ததும் அதுவே. டார்பிப் பிரபுவின் நோஸ்லி மாளிகையில் விலங்குகளை வரைந்த காலத்தில், அவ்வீட்டுக் குழந்தைகளுக்காகப் புனைந்த வேடிக்கைப் பாடல்கள் 1846-இல் நூலாயின.

நுண்ணிய வேலையால் கண்பார்வை தளர்ந்தது. குளிரும் உடலுக்கு ஒவ்வவில்லை. 1837-இல் ரோமாபுரி சென்ற லியர், அதுமுதல் இயற்கைக் காட்சிகளைத் தேடி அலைந்தார். அவருடைய இத்தாலியப் பயண நூலைக் கண்ட விக்டோரியா அரசியார் 1846-இல் அவரை அழைத்து ஓவியப் பாடம் கேட்டார். அரசிக்கே ஆசானாக இருந்த அவர், தம் பயிற்சி போதாது என்று உணர்ந்து, 1850-இல் முப்பத்தெட்டு வயதளவில் அரச கலைக்கழகப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1852-இல், தம்மினும் பதினைந்து ஆண்டு இளையவரான ஹோல்மன் ஹன்ட்டிடமும் பாடம் பயின்றார்.

அவர் கைக்கொண்ட முறை எளியது. காட்சியின் முன் அமர்ந்து பென்சிலால் விரைந்து கோடிடுவார். வண்ணம் தீட்ட நேரமில்லாத இடங்களில் நிறத்தின் பெயரையும் பொருளின் பெயரையும் கோடுகளின் மீதே எழுதுவார். அவற்றில் வேடிக்கையான எழுத்துக்கூட்டலும் இருக்கும். இடம், நாள், பொழுது, வரிசை எண் ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பார். ஓய்ந்த வேளையில் மையால் கோடுகளை நிலைப்படுத்தி, மெல்லிய வண்ணம் பூசுவார். காலைக் கடலும் நண்பகல் வாலிநோக்கத்து உப்பளமும் ஒரே ஒளியில் தோன்றுவதில்லை என்பதை அறிந்த சேதுச் சீமையினர்க்குப் பொழுதைக் குறிக்கும் இவ்வழக்கத்தின் பயன் சொல்லாமலே விளங்கும்.

இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்த நார்த்புரூக் பிரபு அவரை இந்நாட்டிற்கு அழைத்தார். 1872-இல் புறப்பட்ட லியர் சூயஸ் வரை வந்து திரும்பிவிட்டார். மறு ஆண்டு மீண்டும் துணிந்து, நவம்பரில் பம்பாயில் கரையிறங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. 1856 முதல் உடனிருந்த பணியாளர் ஜார்ஜியோ கோக்காலியும் வந்தார். 1874-இன் தொடக்கத்தில் டார்ஜிலிங்கில் கஞ்சன்ஜங்காவை வரைந்தார். அவ்வாண்டிலேயே தெற்கே வந்து காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைக் கண்டார். திருச்சி மலைக்கோட்டையும் மாமல்லையின் கற்கோயில்களும் அவர் தாள்களில் இடம்பெற்றன. பின்னர் இலங்கையில் ஜார்ஜியோ கடுமையாக நோயுற்றார். லியரின் உடலும் தளர்ந்திருந்தது. 1875 ஜனவரியில் இருவரும் இந்தியாவை விட்டு நீங்கினர். அப்பயணத்தின் பயனாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களும் நாட்குறிப்பு ஏடுகளும் எஞ்சின.

அப்படங்களைத் துணைக்கொண்டே இத்தாலியின் சான் ரெமோ இல்லத்தில் கஞ்சன்ஜங்காவைப் பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். டென்னிசன் கவிதைகளுக்கு இருநூறு நிலக்காட்சிப் படங்கள் வரையும் பெருமுயற்சியோ நிறைவேறாமலே போயிற்று. 1883-இல் ஜார்ஜியோ மறைந்தார். லியர் 1888 ஜனவரி 29 அன்று சான் ரெமோவில் காலமானார்.

அவருடைய எண்ணெய் ஓவியங்களை அக்காலத்தார் பெரிதாக மதிக்கவில்லை. விற்பனைக்கென்று கருதாமல் வழியோரத்தில் அமர்ந்து வரைந்த கோட்டோவியங்களே இன்று அவருடைய சிறந்த ஆக்கங்களாகப் போற்றப்படுகின்றன. அவருடைய இந்திய நாட்குறிப்பு 1953-இல் நூலுருப் பெற்றது. மூல ஏடுகளும் படங்கள் பலவும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.