கணக்கைச் சரியாகப் போட்ட அவகாட்ரோ



பத்தாவதுல மோல் கணக்கு வரும், ரொம்பக் கஷ்டம் என்று அக்காமார்கள் நம்மைப் பயமுறுத்துகிறார்கள். அந்தக் கணக்குக்குப் பின்னாடி இருக்கிற மனிதரைத் தெரிஞ்சுகிட்டா பயம் பாதி போயிடும் என்பது என் எண்ணம். அவர்தான் அவகாட்ரோ.

அமேதியோ அவகாட்ரோ 1776 ஆகஸ்ட் 9 அன்று இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தார். சட்டம் படித்த குடும்பம். அவரும் சட்டம் படித்து 20 வயதில் டாக்டர் பட்டம் வாங்கினார். வக்கீல் வேலையும் பார்த்தார். ஆனால் மனசெல்லாம் கணிதத்திலும் இயற்பியலிலும்தான். அவற்றைத் தானாகவே படித்து, 1809-ல் வெர்செல்லி என்ற ஊரில் ஆசிரியர் ஆனார்.

அதற்கு முந்தைய வருடம் 1808-ல் பிரான்சு நாட்டு கே-லூசாக், வாயுக்கள் சேரும் அளவு பற்றிய தன் விதியைச் சொல்லியிருந்தார். 2 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்தால் 2 லிட்டர் நீராவி வரும். (மூன்றையும் ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் அளக்க வேண்டும்.) இரண்டும் ஒன்றும் மூணுதானே? ஒரு லிட்டர் எங்கே போச்சு?

அவகாட்ரோ 1811-ல் பதில் எழுதினார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள எல்லா வாயுக்களிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்றார். ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு அணு உண்டு என்பதும் அவர் விளக்கத்தில் இருந்தது. நாம பிரேயருக்கு ரெண்டு ரெண்டு பேரா கை கோத்துப் போற மாதிரி நினைச்சுக்கோங்க. ஒரு ஆக்சிஜன் ஜோடி பிரிந்து, ஆளுக்கொரு ஹைட்ரஜன் ஜோடியோடு சேர்கிறது. அதனால் கிடைப்பது இரண்டு நீர் மூலக்கூறு. ஒரு லிட்டரும் காணாமல் போகவில்லை!

ஆனால் யாரும் ஏத்துக்கல. ஒரே மாதிரி அணுக்கள் ஜோடி சேராது என்று டால்டன், பெர்சீலியஸ் போன்ற பெரியவர்கள் நம்பினார்கள். அவகாட்ரோ 1820-ல் டூரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். நாட்டில் நடந்த அரசியல் கலவரத்துக்கு அப்புறம் 1823-ல் அந்தப் பதவியும் போனது. சுமார் பத்து வருடம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. 1856-ல் இறந்தார். தன் விடையை உலகம் ஏற்றதை அவர் பார்க்கவே இல்லை. எனக்கு மனசு கனத்துப் போன இடம் இதுதான்.

நாலு வருடம் கழித்து, 1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடினார்கள். அங்கே கன்னிசாரோ என்ற இன்னொரு இத்தாலியர், அவகாட்ரோ சொன்ன வழியில் போனால் அணு எடைகள் எல்லாம் ஒழுங்காக வரும் என்று காட்டினார். பிறகு உலகம் மெல்ல மெல்ல ஒத்துக்கொண்டது. ஒரு மோலில் 6.022 × 10²³ துகள்கள் இருக்கின்றன. இந்த எண்ணை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவர் நினைவாக 1909-ல் பெரின் என்ற விஞ்ஞானி அந்தப் பெயரை வைத்தார்.

இப்போ ஒரு கணக்கு. 8 லிட்டர் ஹைட்ரஜனையும் 5 லிட்டர் ஆக்சிஜனையும் சேர்த்து எரித்தால் என்ன மிஞ்சும்? 2-க்கு 1 என்பதால் 8 லிட்டர் ஹைட்ரஜனுக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் போதும். ஆக, 8 லிட்டர் நீராவி வரும், 1 லிட்டர் ஆக்சிஜன் மிச்சம். அவ்வளவுதான்!

இன்னொன்றையும் கவனியுங்கள். 1811-ல் அவகாட்ரோ புதுசா எதையும் அளக்கவில்லை. மற்றவர்கள் அளந்த எண்களை வைத்து உட்கார்ந்து யோசித்தார். பெரிய ஆய்வகம் இல்லாத நம்ம மாதிரிப் பிள்ளைகளிடமும் நோட்டும் பென்சிலும் இருக்கிறதே! இனி கணக்குக் கேள்வியைச் சாய்ஸில் விடாமல் போட்டுப் பார்ப்போம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி