ரமோன் காஸ்தியா

தென்னமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் அமைந்த பெரு நாடு, 1821ஆம் ஆண்டு ஸ்பெயினின் பிடியினின்று விடுதலை பெற்றதாக அறிவித்தது. ஆயினும், ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகள் பலர் அடிமைகளாகவே உழன்றனர். பழங்குடி மக்களும் தலைவரி இறுத்து வந்தனர். இவ்விரு தளைகளையும் அகற்ற ஆணையிட்டவர் ரமோன் காஸ்தியா.

1797இல் தாரபாக்காவிற் பிறந்த இவர், இளமையில் ஸ்பானியப் படையிற் சேர்ந்து விடுதலை வீரரை எதிர்த்தே போரிட்டார் என்பது வியப்பன்றோ! 1817இல் சிறைப்பட்டுத் தப்பிய அவர், பிரேசில் நாட்டின் வழியே தாயகம் மீண்டார். பின்னர் விடுதலைப் படையிற் சேர்ந்து, 1824இல் அயாகுச்சோப் போரிற் காயமுற்றார். 1845இல் குடியரசுத் தலைவரானார். சிஞ்சாத் தீவுகளில் மலைபோற் குவிந்திருந்த கடற்பறவைகளின் எச்சமே அந்நாளிற் பெருவின் கருவூலத்தை நிரப்பிற்று. ஐரோப்பிய உழவர் அதனை எருவாகக் கொண்டனர்.

1854இல், அப்போதைய தலைவர் எச்செனிக்கேயின் ஆட்சியை எதிர்த்துக் காஸ்தியா கிளர்ந்தெழுந்தார். ஜூலைத் திங்களில் பழங்குடியினரின் தலைவரியை நீக்கினார். தம் படையிற் சேரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக எச்செனிக்கே அறிவிக்கவே, காஸ்தியா டிசம்பரில் அடிமைமுறையையே ஒழித்து ஆணையிட்டார். அறமும் போர்ச் சூழ்ச்சியும் ஒருங்கே கலந்த ஆணை அது! எனினும், ஏறத்தாழ 25,000 பேர் அதனால் உரிமை பெற்றனர். உடையவர்க்கு ஆள் ஒன்றுக்கு 300 பெசோ ஈடு வகுக்கப்பட்டது. உரிமை பெற்றவர்க்கோ காணி நிலமும் அளிக்கப்படவில்லை.

1855இல் வென்று மீண்டும் தலைவரான அவர், 1862 வரை ஆண்டார். 1867இல், அறுபத்தொன்பதாம் அகவையிலும் அரசினை எதிர்த்துப் படை நடத்திச் செல்லுங்கால், தாம் பிறந்த தாரபாக்காவின் பாலைநிலத்தில் உயிர் நீத்தார். பின்னர் நிகழ்ந்த போரில் அந்நிலம் சிலி நாட்டின் வசமாயிற்று.