பூட்டைத் திறந்த நூலகர்

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே அதன் தனிமை பொறாது வகுப்பறைக்குத் திரும்ப விழைந்தார். இலண்டனில் பெற்ற பயிற்சி அவர் உள்ளத்தை மாற்றிற்று. சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரையும் நூலகங்கள் வரவேற்பதை அங்குக் கண்டார். தாயகம் திரும்பியதும், வாசகர் தாமே அடுக்குகளை அணுகி நூலெடுக்க வழிவகுத்தார்.

1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளுள் இரண்டு, பள்ளி நூலகர்க்கென்றே பிறந்தவை போலும். ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூலையும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரையும் சேர்த்து வைப்பதே நூலகர் கடன் என்பது அவற்றின் சாரம். அவ்வாறாயின், படிக்காத பிள்ளையைப் பழிப்பதற்கில்லை. அவனுக்கான நூல் இன்னும் அவன் கைக்கு எட்டவில்லை. கிரிக்கெட் பித்தனுக்கு ஆட்டக்காரர் வரலாற்றை நீட்டலாம்; கதையைப் பாதி சொல்லி நூலைக் கையில் கொடுக்கலாம். நூல் தொலைந்தால் ஊதியத்தில் பிடிப்பரே என்றஞ்சிப் பீரோவைப் பூட்டுவோரை மட்டும் குறை கூறுவதும் முறையன்று. அவ்வச்சத்தை நீக்க வேண்டியது நிர்வாகம்.

அவ்வாண்டே மன்னார்குடிப் பகுதிச் சிற்றூர்களை நோக்கி நூல்கள் மாட்டுவண்டி ஏறின. 1942இல் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கெனத் தனி நூலே எழுதினார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேற அவர் முயற்சி பெருங்காரணமாயிற்று. 1972இல் பெங்களூரில் மறைந்தார்.