உருக்காமல் பொன்னை நிறுத்த பேரறிஞர்

அல்லாமா அபூரைஹான் அல்பீரூனி அவர்கள் 973ல் குவாரிஸம் நாட்டில் பிறந்தவர்கள். 1017ல் சுல்தான் மஹ்மூது அந்நாட்டைப் பிடித்து, அன்னாரைக் கஜ்னாவுக்குக் கொண்டு சென்றார். உலோகத்தை நீர் நிறைந்த கெண்டியிலிட்டு, மூக்கு வழியே வழிந்த நீரை எடைபோட்டு, ஒவ்வொன்றின் கனத்தையும் அன்னார் கணக்கிட்டார்கள்.

இதன் பயன் பெரிது. ஒரு தோலா நீரை வழியச் செய்யும் பொன் 19.3 தோலா, வெள்ளி 10.5 தோலா. அதே அளவு நீரை வழியச் செய்யும் பொன்வெள்ளிக் கட்டி 17.1 தோலா நின்றால் கலப்பு எவ்வளவு? மூன்று பங்கு பொன் 57.9, ஒரு பங்கு வெள்ளி 10.5, கூட்ட 68.4, நாலில் வகுக்க 17.1. ஆகவே பருமனில் காற்பங்கு வெள்ளி. கட்டியை உருக்க வேண்டியதில்லை. வாங்குபவர் ஏமாற வேண்டாம். நேர்மையாக விற்பவர் பழி சுமக்கவும் வேண்டாம்.

சுமார் 1050ல் அன்னார் கஜ்னாவிலேயே காலமானார்கள். தராசு பிடிக்கும் நமக்கு அன்னாரின் கணக்கு இன்றும் உதவும்.