ஒரு கிராமுக்காக மூன்று ஆண்டுகள்

நாம் உண்ணும் பருப்பும் முட்டையும் நம் உடலில் தசையாக மாறுவது எப்படி? உணவிலுள்ள புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிந்து, உயிரணுக்களில் மீண்டும் நம் புரதமாகக் கோக்கப்படுகிறது. அவ்வமிலங்களைச் சுமந்து சென்று உரிய இடத்தில் சேர்க்கும் கூலியாள்தான் கடத்து ஆர்.என்.ஏ. அதன் அமைப்பை முதன்முதலில் கண்டறிந்த மேதை இராபர்ட் ஹாலி.

இவர் அமெரிக்காவிலுள்ள அர்பானா நகரில் 1922ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். இரசாயனம் பயின்று, 1947இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் பெனிசிலினைச் செயற்கையாகத் தயாரித்த குழுவிலும் பணியாற்றினார்.

அதுவரை எந்த நியூக்ளிக் அமிலத்தின் முழு வரிசையையும் எவரும் படித்ததில்லை. ஹாலி குழுவினர் ரொட்டிக்கடை ஈஸ்ட் 140 கிலோவிலிருந்து, அலனைன் என்னும் அமிலத்தைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வை மூன்று ஆண்டுகள் பிரித்தெடுத்தனர். கிடைத்ததோ ஒரே கிராம்! அதை நொதிகளால் துண்டாக்கி, கிழிந்த கடிதத்தை ஒட்டுவதுபோல் வரிசைப்படுத்தினர். 77 அலகுகள் கொண்ட அவ்வரிசை 1965இல் வெளியாயிற்று. அது மூவிலை வடிவில் மடியலாம் என்று கூறியவர் அக்குழுவிலிருந்த எலிசபெத் கெல்லர் என்ற பெண்மணி என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

அவ்வரிசையில் ஒரு விந்தை இருந்தது. வழக்கமான நான்கு எழுத்துகளோடு புதிய எழுத்துகளும் காணப்பட்டன. ஆர்.என்.ஏ. உருவான பின் உயிரணுவே அவற்றை மாற்றியமைக்கிறது. அடினோசினிலிருந்து அமினோ தொகுதியை நீக்கினால் அது இனோசின் ஆகிறது. குறியீட்டைப் படிக்கும் இடத்தில் அமர்ந்த இந்த இனோசின் மூன்று வேறு எழுத்துகளோடு இணையவல்லது. ஆகவே ஒரே கூலியாள் மூன்று குறியீடுகளைப் படித்துவிடுகிறான். இதனை 1966இல் கிரிக் விளக்கினார். இத்தகைய மாற்றங்கள் நூற்றுக்கும் மேல் உண்டென இன்று அறிவோம். அவை பிழைத்தால் புரத உற்பத்தி தடுமாறி நோய்கள் தோன்றும்.

1968இல் நிரன்பெர்க், பஞ்சாபில் பிறந்த நம் கொரானா ஆகியோருடன் ஹாலி நோபல் பரிசு பெற்றார். ஓய்வு நேரத்தில் வெண்கலச் சிலைகள் வடித்த இவர், 1993ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார்.

ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை நிறம் மாறாவிட்டாலே நாம் சலித்துக்கொள்கிறோம். தோழியரே, அப்போது அந்த ஒரு கிராமை நினைத்துக்கொள்வோம்; மீண்டும் சோதனைக் குழாயைக் கழுவித் தொடங்குவோம்!