பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

விளக்கேந்திய மாது என்று உலகம் போற்றும் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றிக் கேள்வியுறாதார் நம் நாட்டில் அரியர். அவரது கருணையை அறிந்தோர் பலர். அக்கருணைக்குக் கையும் காலுமாய் நின்ற நிர்வாகத் திறமையை அறிந்தோர் சிலரே. உயிருக்கு மன்றாடும் நோயாளியைக் காக்க அன்பு மட்டும் போதாது. இடம், காற்று, நீர், காவல், கணக்கு ஆகிய ஐந்தும் ஒழுங்குபெற அமைந்தாலன்றி மருந்தும் பயன் தராது. அம்மையாரது சரித்திரம் புகட்டும் பாடம் இதுவே.

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலியிலுள்ள பிளாரென்ஸ் நகரில் செல்வமிக்க ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அக்காலத்தில் தாதித் தொழிலுக்கு மதிப்பில்லை. பெற்றோரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது, 1851-ல் ஜெர்மனியில் கைஸர்ஸ்வெர்த் என்னும் ஊரில் பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டனில் ஒரு சிறு வைத்தியசாலையின் தலைமையை ஏற்றார். மாடிதோறும் குழாய் வழியே வெந்நீர் வரவேண்டும். உணவை மேலேற்ற ஏற்றப்பொறி வேண்டும். மணியடித்த நோயாளி யாரென்பது தாதியின் அறைவாயிலிலேயே தெரியவேண்டும் என்று வற்புறுத்தினார். தாதி படியேறி இறங்குவதில் வீணாகும் ஒவ்வொரு நிமிஷமும் நோயாளிக்கு உரியது என்பது அவரது கொள்கை.

கிரிமியா யுத்தம் நடந்தபோது, 1854 நவம்பரில் 38 தாதியருடன், கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குடாரியை அடைந்தார். சிப்பாய்களின் படைவீடே அங்கு ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்தது. அதனடியில் சாக்கடை தேங்கி நின்றது. வெட்டுக்காயத்தால் இறந்தவரினும் வாந்திபேதி, சீதபேதி, காய்ச்சல் ஆகியவற்றால் இறந்தவர் பன்மடங்கினர். பாழடைந்த ஒரு பகுதியைச் செப்பனிட மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், தாமே 200 வேலையாட்களை அமர்த்தி முடித்தார். சலவைக்கு ஏற்பாடு செய்தார். ஒருவரது அங்கத்தை அறுப்பதை மற்றவர் கண்டு நடுங்காதிருக்கத் திரைகள் தருவித்தார். எனினும் மரணம் ஓயவில்லை. 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் வீதம் மாண்டனர். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் கமிஷனார் சாக்கடையைக் கழுவிக் காற்றோட்டம் உண்டாக்கினர். ஜூனில் அவ்வீதம் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

1856-ல் தாயகம் திரும்பிய அம்மையார் நோயால் நலிவுற்று, பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ நேர்ந்தது. ஆயினும் அவ்வறையே அவரது போர்க்களமாயிற்று. புள்ளி விவர நிபுணர் வில்லியம் பார் துணையுடன் மரணக் கணக்குகளை ஆராய்ந்து, சிப்பாய்களைக் கொன்றது எதிரியின் குண்டைவிடச் சொந்த சர்க்காரின் அசிரத்தையே என்பதை வண்ணப் படங்களால் மெய்ப்பித்தார். ஆஸ்பத்திரிகளைப் பற்றிய நூலை 1859-ல் வெளியிட்டார். ஒரு கூடத்தில் சுமார் முப்பது படுக்கைகள், இருபுறமும் ஜன்னல்கள், அனைவரும் ஒரு தலைமைத் தாதியின் பார்வையில் என்பது அவர் வகுத்த திட்டம். ரண சிகிச்சை முடிந்தவர் அதன் உடனடி விளைவிலிருந்து தேறும்வரை அறுவை அறையை அடுத்த சிற்றறையில் வைக்கப்படும் வழக்கம் சில சிறு ஆஸ்பத்திரிகளில் இருந்ததையும், 1863-ம் ஆண்டுப் பதிப்பில் குறித்திருக்கிறார். 1860-ல் லண்டன் ஸெயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார்.

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததில்லை. எனினும் இங்கிருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் ஆண்டுதோறும் மாண்டதை 1863-ம் ஆண்டுக் கமிஷன் அறிக்கை வெளிப்படுத்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. படைவீட்டில் தொடங்கிய அவரது கவலை பின்னர் குடியானவன் குடிசைக்கும் பரவியது. 1876-78 பஞ்சத்தில் நம் மக்கள் பட்ட துயரத்தை 1878-ல் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். ரிப்பன் பிரபுவின் சீர்திருத்தங்களை ஆதரித்தார். 1910 ஆகஸ்டு 13-ந் தேதி காலமானார்.

அவருக்குப் பின் 1923-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் மூளை ரண சிகிச்சை பெற்றோருக்கெனத் தனியே மூன்று படுக்கைகள் ஏற்பட்டன. 1952-ல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவி மூச்சுத் தசைகள் செயலிழந்தபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் காற்றூட்டி உயிர்களைக் காத்தனர். அந்த அனுபவத்திலிருந்தே மறு ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு தோன்றியது. அங்கும் வென்றது முறைப்படுத்திய மனிதக் காவலே.

ஆஸ்பத்திரி வேண்டுமென்று கிளர்ச்சி செய்வதும் அடிக்கல் நாட்டு விழாவில் மாலையிடுவதும் எளிது. கட்டிய கூடத்தில் இரவுக் காவலுக்குத் தாதியர் எத்தனை பேர்? அவர்களில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? தண்ணீர் ஓடுகிறதா? சென்ற மாதம் இறந்தவர் எத்தனை பேர், எதனால்? இக்கேள்விகளை ஓயாது கேட்பதே பொதுத் தொண்டரின் கடமை. விடை கூறாத அதிகாரம் எவருடையதாயினும், கணக்கைக் காட்டி அதைத் தலைகுனியச் செய்யலாம் என்பதற்கு, நோய்ப்படுக்கையிலிருந்தே போராடிய அம்மையாரது வாழ்வு சான்று.